குருவம்மாள் வாங்கிய சத்தியம்

போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்களுக்குச் செங்கொடிச் சங்கத் தலைவி குருவம்மாள். பெருங்காயைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரித்துப் போடுவது வேலை. மூக்கைச் சிந்தக்கூட நேரம் தராத முதலாளியிடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவள் அவள். அதனால் அவள் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

எண்பத்து நாலு தேர்தல் வந்தது. போன தடவை இலைக்குப் போடச் சொன்ன செங்கொடிக் கட்சி, இந்தத் தடவை எதிரணிக்குப் போடச் சொன்னது. மேலே இருப்பவர்களுக்கு அது தோள் துண்டை மாற்றிப் போடுகிற வேலை. பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் குடியிருந்த தெருவின் ஓட்டு முழுதும் விழும் என்று கட்சிக்கு வாக்குக் கொடுத்திருந்த குருவம்மாள், எல்லாரையும் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

பெட்டியை எண்ணினால் இலைதான் அள்ளியிருந்தது. ஆனால் பெரிய கேடு அதன்பிறகு வந்தது. சத்தியத்தை மீறியவர்கள் அவள் முகத்தில் விழிக்கப் பயந்தார்கள். எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினார்கள். சங்கக் கூட்டத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. இதை மோப்பம் பிடித்த முதலாளி, பொங்கல் கழிந்ததும் கூலியைக் குறைத்தார். எல்லாரும் சேர்ந்து வேலையை நிறுத்தினால்தான் உண்டு. இல்லாவிட்டால் சங்கம் செத்தது.

குருவம்மாள் வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போனாள். கூட வேலை பார்க்கும் ராமுத்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"சாமி முன்னால சூடத்த அணைச்சிட்டு எலைக்குப் போட்டோம்க்கா. இப்ப ஒன் கொடிக்குக் கீழ வந்து நின்னா ஆத்தா சும்மா விடுவாளா?"

"ஓட்டுக்குச் சத்தியம் வாங்குனது என் தப்பு. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஓட்ட யாருக்கு வேணாலும் போடு. நாளைக்குக் காயில கை வைக்காத, அது போதும்."

மறுநாள் ஒருத்தியும் கிட்டங்கிக்குள் நுழையவில்லை. கையில் இலையைப் பச்சை குத்தியவர்களும் செங்கொடி பிடித்து வாசலில் உட்கார்ந்தார்கள். மூட்டை தேங்கியது, ஏலத்துக்குக் காய் போகவில்லை. வாரம் திரும்புமுன் முதலாளி பழைய கூலிக்கே இறங்கி வந்தார்.

கட்சி ஆபீசில் மாலை போடுவார்கள் என்று நினைத்துப் போனாள். செயலாளர் ராஜாராம், யாருக்கு வேண்டுமானாலும் போடு என்று அந்தத் துரோகிகளிடம் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றாள். அன்றைக்கே தலைவி பொறுப்பு போயிற்று.

அந்தத் தெருப் பெண்களில் கட்சி சொன்ன பக்கம் போட்டவள் அவள் ஒருத்திதான். அதை அவரிடம் சொல்லாமலே படியிறங்கி, மறுநாள் காய் பொறுக்கப் போனாள்.