எட்டு எம்.எம். சந்தோஷம்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் உணர்ச்சிகளை ஆராய்வதுதான் என் தொழில் என்று சொன்னால், கல்யாண வீடுகளில் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகிவிடும். அதுவும் வசதிதான், கைப்பையை வைத்துக்கொள்ளலாம். இந்த வேலை கொடுத்த சந்தோஷத்தை எனக்கு வேறெதுவும் கொடுத்ததில்லை. ஆனால் தொடக்கத்திலேயே கோட்டை விட்டவள் நான், அதுவும் பிறந்து வளர்ந்த போடியிலேயே.

நான் தேடியது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை. இந்த நோய் வந்த பலருக்கு முகம் அவ்வளவாக அசையாது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வராது, குரல் ஏறாமல் இறங்காமல் போகும். முகத்தில் தெரியாவிட்டால் மனதிலும் இல்லை என்று அர்த்தமா? சின்னச் சின்னப் படக்காட்சிகளைக் காட்டி, ஒன்றிலிருந்து ஏழுவரை மதிப்பெண் கேட்கும் தாளோடு போடி ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினேன். தாளைத் தமிழில் எழுதியது நானே. முதல் கேள்வி: இதைப் பார்த்தபோது உணர்ச்சி இருந்ததா?

முதலில் வந்தவர் முழங்கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார். அடுத்தவர் செருப்பைக் கழற்றினார். இடது கால் பெருவிரலில் மட்டும் இல்லையாம், சர்க்கரை வந்ததிலிருந்து அப்படித்தானாம். எங்கள் ஊரில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பவர் கிள்ளிப் பார்க்கிற டாக்டர்தான் என்பது என் மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். நோயாளிகள் இருவரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

சொல்லை மாற்றி, எவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். எல்லாரும் நாலு என்றார்கள். நடுவில் ஒரு எண்ணைச் சொன்னால் டாக்டரம்மா மனம் கோணாது என்ற மரியாதை.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவர். கணவர் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். கைக்குழந்தை தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரிக்கும் காட்சியைப் போட்டேன். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒன்று என்று எழுதப் பென்சிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"எட்டு எம்.எம்." என்றார்.

சல்லடையில் எட்டு மில்லிமீட்டர் துளை வழியாகக் கீழே விழாமல் மேலேயே நிற்கும் பருத்த காய்தான் எட்டு எம்.எம். போடியில் அதற்கு மேல் மதிப்பு எதற்கும் கிடையாது, அதிலும் கையால் பொறுக்கியது என்றால் உச்சம்; ஏழு எம்.எம். அடுத்த தரம். அடுத்து சாவு வீட்டுக் காட்சிக்கு, வெடிச்ச காய் என்றார், விலையில் கடைசி ரகம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றே என் தாளைக் கிழித்துப் போட்டு, சல்லடை படம் போட்டுப் புதுத்தாள் தயாரித்தேன். என் பேராசிரியருக்கு இதை விளங்கவைக்க அரைக்கிலோ ஏலக்காய் அனுப்ப வேண்டியிருந்தது.

சில வாரம் கழித்து, போடிமெட்டில் இன்னொருவரைப் பார்க்க அந்த டிரைவர் அண்ணனின் ஜீப்பிலேயே போனேன். மகளுக்குக் குரங்கணியில் கல்யாணம் என்றார். மனைவியைக் கூட்டிப்போகப் போவதில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிடப்போகிறாராம்.

"பொண்ணப் பெத்தவ உம்முன்னு உக்காந்திருந்தா, இஷ்டமில்லாம குடுக்குறோம்னு மாப்ள வீட்டுல நெனைப்பாக. அவளுக்கு எதுவும் மனசுல ஏறாது டாக்டரம்மா."

தினமும் தன் கையாலேயே மாத்திரை கொடுக்கிற மனிதர்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகள் தலையைச் சுற்றவைத்ததில் முதலில் வாந்தி எடுத்தேன், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தேன். ஏறுகிறதா இல்லையா என்று என்றைக்காவது அவரிடம் கேட்டீர்களா என்றேன். அன்று சாயங்காலம் கல்யாணத்துக்கு வருகிறாயா என்று அவர் வீட்டில் கேட்டிருக்கிறார். வர்றேன் என்று ஒரே சொல்லில் பதில் வந்ததாம்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நேராக வந்து கேட்டேவிட்டார்.

"சம்பந்தி, ஒங்களுக்கு இதுல சந்தோசந்தான? மொகமே சரியில்லையே."

டிரைவர் அண்ணன் காய்ச்சல் என்று ஆரம்பித்தார். நான் சொற்பொழிவுக்குத் தயாராக எழுந்துவிட்டேன். அந்த அம்மா மகளை ஒருமுறை பார்த்தார். முகம் மாறவில்லை, குரலும் மாறவில்லை.

"எட்டு எம்.எம்."

மாப்பிள்ளையின் அம்மாவும் பல காலம் ஸ்டோரில் காய் பொறுக்கியவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சல்லடையில நின்னதா, கையில பொறுக்குனதா?" என்று கேட்டார்.

"கையில பொறுக்குனது."

அவர் சிரித்த சிரிப்பில் மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியின் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பட்டுச்சேலையில் கொஞ்சம் குதித்தும்விட்டேன்.

திரும்பும்போது ஜீப்பில் மூன்று பேர்தான். டிரைவர் அண்ணன் மனைவியைப் பார்க்காமலேயே, "நம்ம கல்யாணத்தன்னைக்கு எத்தன எம்.எம்.?" என்றார்.

அந்த அம்மா இரண்டு வளைவு தாண்டும்வரை யோசித்தார்.

"ஏழு."

போடி வந்து சேரும்வரை அவர் என் பக்கம் திரும்பித் திரும்பி, "ஏழாம் டாக்டரம்மா, ஏழாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று நான் கத்திக்கொண்டே வந்தேன்.