குடத்தில் புளித்தது

புதுவாயல் கம்பெனியில் ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவியே என் உள்ளங்கை உரிந்துபோனது. தங்கியிருந்த அறையையாவது ஆசிட் இல்லாமல் துடைக்கலாமென்று, ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் போட்டுக் குடத்தில் புளிக்க வைத்தேன். மாதங்கள் போயின. வாடை வீட்டுக்கார அம்மாவை எட்டிவிட்டது.

"இன்னாய்யா, ஊடு குடுத்தா சாராய ஊறல் போட்டுக்கினு கீறியா? மூட்டையக் கட்டு!"

"தரை தொடைக்கத்தாம்மா. சாராயத்துக்குப் பட்டை போடுவாங்க, தோலா போடுவாங்க?"

"ஓகோ, அதெல்லாம் வேற தெரியுமா?"

பையை எடுத்தேன். அவரோ குடத்திலிருந்து ஒரு குவளை மொண்டு, பிசுக்கேறிய என் அடுப்பு மேடையில் ஊற்றித் தேய்த்தார். கல்லின் நிறம் தெரிந்தது.

"பையக் கீழ வையி. எனக்கொரு பாட்டில் ஊத்து."

எத்தனையோ ஊர்களில், நான் சொன்னதைக் கேட்காமலே என்னை வெளியேற்றியிருக்கிறார்கள். தேய்த்துப் பார்த்து முடிவு செய்தவர் இவர் ஒருவர்தான்.