சுட்டியனின் காலில் நான் கட்டிய கட்டு

சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

நான் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்பவன். மாட்டுவண்டிச் சவாரி என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். என் சோடியில் வலப்பக்கத்து மாடு சுட்டியன். போன சித்திரையில், சவாரி நாள் காலை, அவன் முன்காலைத் தடவிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே வீங்கிக் கொதித்தது.

"இண்டைக்கு விடுங்கோ. வாயில்லாச் சீவன்," என்றாள் என் மனைவி பிலோமினா.

நான் கேட்கவில்லை. துணிப்பட்டியை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சலங்கையைக் கட்டி மறைத்தேன். வெற்றி தாரும் என்று செபமும் செய்தேன். அந்தச் செபத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பாதித் திடலில் சுட்டியன் முழங்கால் குத்தி விழுந்தான். சனம் ஓடி வந்தது. பக்கத்தில் ஓடியது மகேசன் அண்ணையின் வண்டி. வருடக்கணக்காக என்னை வெல்பவர் அவர். "அவரின்ரை வண்டிச் சில்லுத்தான் இவன்ரை காலிலை பட்டது," என்று சொல்லிவிட்டேன். சவாரிக் குழு அவரை இனி வரவேண்டாம் என்றது. நான் சுட்டியனை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கட்டை அவிழ்க்கப் பயம். அவிழ்த்தால் சில்லுப் பட்ட காயம் இல்லை என்பது தெரிந்துவிடும். மிருக வைத்தியரையும் அதனால்தான் கூப்பிடவில்லை. மூன்று நாள் அப்படியே விட்டேன். கட்டுக்குக் கீழே கால் குளிர்ந்துவிட்டது. படுத்துவிட்ட சுட்டியன் வைக்கோலைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஆண்டவரே, இவனை எழுப்பும்" என்று அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. இறைச்சிக்கு மாடு வாங்குபவர் படலையடியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் கொட்டிலில் முழந்தாளிட்டேன். பொய்யைச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? "உண்மையைச் சொல்லத் தைரியம் தாரும்" என்று மட்டும் கேட்டேன். எழும்பிச் சைக்கிளை எடுத்தேன்.

மகேசன் அண்ணை மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவினார்.

"கட்டு இன்னும் காலிலையோ?"

"ஓம், அண்ணை."

"விசரா! என்ரை கதையைப் பிறகு கதைப்பம். மாடு என்ன பிழை செய்தது? நட!"

அவரே கட்டை வெட்டினார். தோல் அழுகி மணத்தது. நான் முகத்தைத் திருப்பினேன். "பார்," என்றார். பார்த்தேன். வைத்தியருக்கும் அவர்தான் போன் எடுத்தார். இன்னொரு நாள் போயிருந்தால் குளம்பே கழன்றிருக்கும் என்றார் வைத்தியர். ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, பஞ்சு வைத்துத் தளர்வாகக் கட்டினார். தினமும் கட்டு மாற்ற மகேசன் அண்ணை வந்தார், நான் பழி போட்ட அதே மனிதர். ஒன்பதாம் நாள் சுட்டியன் நாலு காலிலும் எழுந்து நின்றான். நான் கொட்டிலிலேயே விழுந்து அழுதேன்.

சவாரிக் குழுவின் முன் நின்று உண்மையைச் சொன்னேன். மகேசன் அண்ணை மறுபடி திடலுக்குப் போகிறார். நான் சவாரியை விட்டுவிட்டேன்.

ஆண்டவருக்கு நன்றி. நான் கேட்ட தைரியத்தைத் தந்தார், கேட்க எனக்குத் தகுதியில்லாததையும் தந்தார். உங்களில் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு செபித்தால், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பிறகு நம்பிக் கேளுங்கள்.

சுட்டியன் இன்றும் கொஞ்சம் நொண்டுகிறான். றோட்டால் போகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

"என்னாலை," என்பேன்.