டீத்தூள் மூன்று ஸ்பூன்

புனே பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் போன பிறகு, அவர் பென்ஷன் எனக்கு வர, வருஷாவருஷம் நவம்பரில் பேங்குக்குப் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அநேகமாக அந்தக் கையெழுத்தில் அடங்கிவிடும். ஆனாலும் வரிசையில் மற்றவர்கள் கட்டைவிரலை மையில் அழுத்தும்போது நான் பேனா கேட்டு வாங்குவேன். அந்தத் திமிருக்காகவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவேன்.

போன வருஷம் கை நடுங்கி இரண்டு தாள் பாழானது. இந்த வருஷம் அக்டோபரிலேயே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. வெளியே சொல்வேனா? மருமகளே கண்டுபிடித்துவிட்டாள். பாணேரில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. ஒரு டப்பா கொண்டுவந்தாள். உள்ளே காய்ந்த சீமைச்சாமந்திப் பூ.

"அத்தை, இதுல ஃபிளவனாய்டுன்னு ஒண்ணு இருக்கு. மூளைக்குப் போய் படபடப்பைக் கொஞ்சம் தணிக்கலாம்னு சொல்றாங்க. மருந்துன்னு நெனச்சுக்காதீங்க, எல்லாருக்கும் கேக்கும்னும் இல்ல. வெந்நீர்ல போட்டு, வடிகட்டி, வேற எதுவும் சேக்காம சும்மா குடிங்க."

"எனக்கு ஏதுடி படபடப்பு? சரி, வாங்கிட்ட. வெச்சுட்டுப் போ."

பேங்குக்குப் போகிற அன்று, அவள் ஆபீஸ் கிளம்பியதும் பூவைக் கொதிக்கவிட்டேன். வாயில் வைத்தால் வைக்கோல் கழுவின தண்ணீர். டீ போட எனக்கா கற்றுத்தருவது? இஞ்சி தட்டிப் போட்டேன், பால் ஊற்றினேன், டீத்தூள் மூன்று ஸ்பூன். வீடே மணத்தது. அந்த ஃபிளவனாய்டு நிறைய இறங்கட்டும் என்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

பேங்கில் பேனா ஒரு பக்கம் போனது, என் கை ஒரு பக்கம் போனது. முதல் எழுத்தே தேள் மாதிரி வந்தது. கவுண்டரில் இருந்த பெண் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "சாலேல் ஆஜி" என்றாள் மராத்தியில். 'பரவாயில்லை பாட்டி'யாம். பட்டுப்புடவையோடு கட்டைவிரலை அழுத்தினேன்.

சாயங்காலம் மருமகள் வந்ததும், "கையெழுத்து ஆச்சா அத்தை?" என்றாள்.

"ஆகாம?" என்றேன், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

அவள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். மறந்துபோய் அந்தக் கையாலேயே வாங்கினேன். நீல விரலைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் வடிகட்டியையும் பார்த்தாள்.

"டீத்தூள் போட்டீங்களா!"

"மூணு ஸ்பூன்தான்."

"அது படபடப்பை ஏத்தி விடும் அத்தை. பூ பாவம், என்ன பண்ணும்?"

இப்போது தினமும் அந்த வைக்கோல் தண்ணீரைச் சும்மாவே குடிக்கிறேன். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துத் தடவை கையெழுத்துப் போடுகிறேன். நடுக்கம் குறைந்திருக்கிறது. பூவாலா, எழுதிப் பழகுவதாலா என்று மருமகளுக்கே தெரியவில்லை. பூவால்தான் என்று நான் சொல்லிவிட்டேன். இந்த வயதில் எனக்கு எழுதப் பழக்கம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ள முடியுமா?