ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்

என் அண்ணனுக்கு வேலை, அடுத்தவர்களுக்கு வேலை கொடுப்பது. ஆப்பிரிக்காவில் இருக்கும் சாஃப்ட்வேர் இன்ஜினியர்களைத் திரையில் நேர்காணல் செய்து, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்க ஆளெடுத்துத் தருகிறான். ஒரு நாளைக்கு ஏழு பேர். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே முழங்காலில் கிழிந்த பைஜாமா. ஐம்பத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. "நாள் பூரா பேசிக்கிட்டேதானே இருக்கே, உனக்கென்ன குறைச்சல்?" என்று நானே கேட்டிருக்கிறேன். வாய்க்கொழுப்பு.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. தேறியவரின் பெயர் உடனே அண்ணனின் திரையிலிருந்து மறைந்து வேறு பிரிவுக்குப் போய்விடும். அப்புறம் இவன் அவரோடு பேசக் கூடாது. தேறாதவர் பட்டியலிலேயே இருப்பார், ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம். நல்லவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு சுமாரானவர்களோடு மாரடிக்கிற உத்தியோகம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அவன் அறைக்குப் போனேன். வருஷத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டுகிற தங்கை நான். சுவர்க் காலண்டரில் அடுத்து வரவிருந்த வியாழக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான்.

"என்னண்ணா, பொண்ணு பார்க்கப் போறியா? சொல்லவே இல்ல."

"பஸ்காரர் வர்றாரு" என்றான்.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லோரிடமும் அண்ணன் முதலில் ஒரு கேள்வி கேட்பான்: உங்கள் ஜன்னலில் என்ன தெரிகிறது? மரம், சுவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அண்ணன் பஸ்காரர் என்று பெயர் வைத்திருந்த இந்த இன்ஜினியர் மட்டும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னாராம். எதிரே பஸ் டிப்போ. அங்கே பஸ் கழுவுகிறவர் ஒவ்வொன்றையும் கழுவி முடித்ததும் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்புவார். பதினாறாம் நம்பரை மட்டும் தட்ட மாட்டார், அதன் டிரைவரோடு சண்டை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். அதன்பின் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மனிதர் கச்சிதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

"அப்ப எடுத்துட்டியா?"

அண்ணன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான். "இல்ல. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு போட்டேன்."

"ஏன்?"

"எடுத்துட்டா அப்புறம் பேச முடியாதே."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் பகீரென்றது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை செய்திருக்கிறான். இரண்டாம் தடவை வந்தபோது அவருக்கு இருந்த வேலையும் போயிருந்தது. மனைவியின் தையல் மெஷின்தான் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அது தெரிந்தும் செய்திருக்கிறான். காரணம் எழுத வேண்டுமே, அதற்காக டேட்டாபேஸில் அனுபவம் போதாது, பெரிய சிஸ்டங்களை வடிவமைப்பதில் தடுமாற்றம் என்று கதை கட்டி அனுப்பியிருக்கிறான்.

"நீயெல்லாம் மனுஷனாண்ணா? அவர் வயித்துல அடிச்சிருக்கே. பேச ஆள் வேணும்னா எனக்கு போன் பண்ண வேண்டியதுதானே?"

"பண்றேனே" என்றான், கோபமே இல்லாமல். "நீதான் பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்னு வெச்சிடறே."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் இந்தத் தடவையாவது அவரை எடுப்பான் என்று நம்பவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து, கேமராவில் படாமல் கட்டில் ஓரத்தில் காவலுக்கு உட்கார்ந்தேன்.

பஸ்காரர் திரையில் வந்தார். மெலிந்த முகம், பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். அண்ணன் ஜன்னலைப் பற்றிக் கேட்கவில்லை, நேராகத் தொழிலுக்கு வந்துவிட்டான். இருவரும் ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. கடைசியில் அவர் சொன்னது மட்டும் முழுசாகப் புரிந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும் சார். மத்த கம்பெனியெல்லாம் இல்லைன்னு ஒரு வரியில முடிச்சிட்டாங்க. நீங்க மட்டும்தான் என்ன குறைன்னு எழுதி அனுப்பினீங்க. அதை வெச்சுத்தான் ஒரு வருஷமா படிச்சேன்."

கேமராவைத் திருப்பினார். தையல் மெஷினுக்கு மேலே சுவரில், அண்ணன் கட்டிய இரண்டு கதைகளும் பிரிண்ட் எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. அடியில் தினம் ஒன்றாகப் பென்சிலில் போட்ட டிக்குகள்.

"நீங்க முதல் தடவையே..." என்று அண்ணன் ஆரம்பித்தான். மீதியை விழுங்கினான். "எடுத்தாச்சு. வாழ்த்துகள்."

தையல் மெஷின் நின்றது. ஒரு பெண் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்திலும் அவர் கேட்டார்: "சார், உங்க ஜன்னல்ல என்ன தெரியுது? நீங்க சொன்னதே இல்லையே."

அண்ணனின் ஜன்னலில் தெரிவது அடுத்த கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அவன் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"இன்னிக்கு என் தங்கச்சி வந்திருக்கா" என்றான்.

அடுத்த நிமிடம் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். மகளின் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "பத்து நிமிஷத்துல கூப்பிடறேண்ணா" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. இன்றைக்கு வியாழக்கிழமை ஆகிவிட்டது.