புதன்கிழமைக் காத்திருப்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வேதக்கோயில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. அங்கே புதன்கிழமை பிற்பகலில் பெண்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஆண்கள் ரயில்வே பட்டறைக்குப் போயிருக்கும் நேரத்தில், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, பாயில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடவுள் பேசுவதைக் கேட்க வேண்டும். இதற்குக் காத்திருப்பு என்று பெயர்.

நடத்துகிறவர் உபதேசியாரின் மனைவி. அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. உள்ளங்கைகளை மடியில் விரித்து வைக்க வேண்டும். எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது. அதற்கு மற்ற நாட்கள் இருக்கின்றன. நினைவுகள் வந்தால் துரத்தாமல், ரயில் போவதைப் போலப் போகவிட வேண்டும். கடைசியில் அவர் மெல்லக் கனைப்பார். வார்த்தை கிடைத்தவர்கள் அதைக் கிடைத்தபடியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒன்றும் கிடைக்காதவர்கள் உள்ளங்கைகளைக் கவிழ்த்துவிடுவார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பெரும்பாலும் எல்லாருக்கும் ஏதாவது கிடைத்தது. பொறுமையாக இரு என்பாள் ஒருத்தி. பயப்படாதே என்று காதில் விழுந்ததாக இன்னொருத்தி சொல்லுவாள். எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரிக்குக் கிடைப்பது மட்டும் எப்போதும் சற்று நீளமாக இருக்கும்.

"கொழாயடியில துணி தொவைக்கிறவங்க சோப்புத் தண்ணிய அடுத்தவ வாசல்ல தள்ளக் கூடாதுன்னு ஆண்டவர் சொல்றாரு."

எதிரே இருந்தவள் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "ஆமா, அவருக்கு வேற சோலி இல்ல. ஒன் வாசலுக்குக் காவக்காரனா நிக்காரு."

"அவரு சொன்னதத்தானே நான் சொன்னேன்? ஒனக்கு ஏன் சுருக்குங்குது?"

உபதேசியாரின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, போதும். சண்டைய கொழாயடியிலயே வச்சுக்குங்க" என்பார்.

எனக்கு ஒருநாளும் ஒன்றும் கிடைத்ததில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அப்பா சம்பளம் வாங்க இன்றும் பெருவிரலைத்தான் மையில் வைக்கிறார். நான் மிஷன் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புத் தேறி, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற பாடங்கள் வந்ததைப் போல இதுவும் ஒருநாள் வரும் என்றும், வரும்போது குழாயடிச் சமாச்சாரமாக இல்லாமல் சுத்தமாக வரும் என்றும் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எனக்குப் பின்னால் பிறந்தவை எதுவும் தங்காமல், நெடுங்காலத்துக்கு அப்புறம் வந்த பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். அம்மாவும் அப்பாவும் ஒரு பெயரை முடிவு செய்திருந்தார்கள். ஆனால் ஞானஸ்நானத்தில் குருவானவரான ஐயர் வாயால் வரும் முன் அதை வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்பது அம்மாவின் வழக்கம். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

உபதேசியார் வாராவாரம் பிரசங்கம் செய்வார், வீடுகளுக்கு வந்து ஜெபிப்பார். ஆனால் ஞானஸ்நானமும் நற்கருணையும் ஐயர்தான் கொடுக்க வேண்டும். ஐயர் இருப்பது கிள்ளானில். அங்குள்ள சபையும் சுற்றியிருக்கிற, ரப்பர் பால் எடுக்கும் கித்தா தோட்டங்களும் அவர் பொறுப்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை ரயிலேறி எங்களிடம் வருவார். பாப்பா பிறந்த பிறகு ஒரு தடவை வந்தார். அப்போது அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் விடுவார்கள்.

பாப்பாவுக்குக் காலையில் காய்ச்சல் கண்டது. மத்தியானத்துக்குள் ஜன்னி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா பிடிக்க ஓடினார். நான் உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் செந்தூலில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது ரிக்‌ஷா வாசலில் நின்றது. அம்மா ஏறவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பாவின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அடக்கம். உபதேசியார் கல்லறைத் தோட்டத்துக்கு ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்தார், ஆனால் திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அந்த அடக்க ஆராதனையை வாசிக்கக் கூடாது என்பது சபைச் சட்டம். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் சொந்த வார்த்தைகளில் கொஞ்ச நேரம் ஜெபித்தார். பாவம், அவருக்கும் குரல் உடைந்தது. படிக்கத் தெரியாத அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூடியிருந்த அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் அதைச் சொல்லியிருப்பார்.

"நான் இல்லாட்டி என்ன, தங்கச்சி? அவசரத்துக்கு வீட்ல இருக்கிற யாரும் தலையில தண்ணிய ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்தச் சொல்லியிருக்கலாமே. அதுவும் ஞானஸ்நானந்தான். சபை ஏத்துக்கும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ படிச்சவதானே? ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. உலகத்தின் நீளமான ஆறுகளை வரிசையாகச் சொல்லுவேன். வட்டிக் கணக்குப் போடுவேன். ஆங்கிலத்தில், பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவே பிழை காணாதபடி எழுதுவேன். அடுப்படியில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதைப் பிள்ளையின் தலையில் ஊற்றலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அம்மா அழுவதை நிறுத்தியபோது அவளுக்கு ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது? ஆண்டவரிடம் இருக்கிறதா, இல்லையா? அதுவரை காத்திருப்புக்கு வராதவள், அதைக் கேட்டு அறிவதற்காக வரத் தொடங்கினாள். வேண்டிக்கொள்ளக் கூடாது என்ற விதியை உபதேசியாரின் மனைவி அவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

முதல் வாரமே கடைசி வீட்டுக்காரிக்கு வார்த்தை கிடைத்தது. "வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ஒரு பச்சப்புள்ள சிரிக்கிறதப் பாத்தேன், யக்கா. ஒங்க பாப்பா சாடையாவே இருந்துச்சு." அடுத்த வாரம் வேறொருத்திக்கும் அதைப் போலவே கிடைத்தது. அம்மா ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் ரயில் லைன் கதவு மூடியிருந்தது. சரக்கு ரயில் போகும்வரை நின்றோம். அதன் சத்தம் ஓய்ந்ததும் அம்மா சொன்னாள்:

"நல்ல பொம்பளைங்க. எனக்காகச் சொல்றாங்க."

"நெசமாவே கேட்டிருக்கலாம்மா."

"கேட்டிருந்தா மொத்தமா எல்லாருக்கும் வெள்ளச் சட்டயா? நம்ம வீட்டுல வெள்ளச் சட்டயே கெடையாது." கொஞ்ச தூரம் நடந்தபின், "நீ கேளு" என்றாள். "நீ சொன்னா நம்புவேன். ஒனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்துல அடி வாங்குனாலும் வராது, எனக்குத் தெரியும்."

இதைக் கேட்டபோது, அந்தத் துக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்கு யாராலும் கொடுக்க முடியாத ஒன்றை நான் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை போதாது என்று தினமும் விடியற்காலையில், பட்டறைச் சங்கு ஊதும் முன்பாக எழுந்து பின்கட்டில் உட்கார்ந்தேன். சில நாட்கள் சாப்பாட்டையும் விட்டேன். உடம்பை அசையாமல் வைக்கப் பழகினேன். கொசு கடித்தாலும் கை போகாது. ஆனால் உள்ளே அமைதி வரவில்லை. முந்தின நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு வரும். அப்பாவின் இருமல் கேட்கும். எதிர்வரிசையில் சீனக் கிழவர் மரக்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு பாசார் சந்தைக்குப் போவார். அவர் போனபின் ஒரு வெறுமை வரும். அதில்தான் கடவுள் பேசுவார் என்று உபதேசியாரின் மனைவி சொல்லியிருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு அதற்குள் நிற்பேன். யாரும் இல்லாத வீட்டில் கதவைத் தட்டிவிட்டு நிற்பதைப் போல இருக்கும்.

"எந்தப் பிள்ளைன்னு கேப்பே?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "பேரில்லாம கேட்டா அவருக்குத் தெரியுமா? அங்க எத்தன பாப்பா இருக்கும்!" பெயரைச் சொல்லிவிடேன் என்றேன். வாயைத் திறந்தாள், பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் வார்த்தை வந்தது. "அவள் என்னிடத்தில் சுகமாயிருக்கிறாள், நீ கலங்காதே." தெளிவாக, முழு வாக்கியமாக வந்தது. அம்மாவை எழுப்ப எழுந்தேவிட்டேன். கதவைப் பிடித்தபடி அதை மறுபடி சொல்லிப் பார்த்தேன். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். கட்டுரை எழுதும்போது நான் இப்படித்தான் எழுதுவேன். இரண்டு சிறு வாக்கியங்களை இப்படித்தான் சேர்ப்பேன். அது என்னுடைய வாக்கியம். ராத்திரி முழுவதும் மனதுக்குள் செய்து வைத்திருந்து, விடிந்ததும் கடவுள் கொடுத்ததாக எடுத்திருக்கிறேன்.

அல்லது அவர் என் வாக்கியத்தில்தான் பேசினாரோ என்னவோ. உபதேசியாரின் மனைவியிடம் பொதுவாகக் கேட்பதைப் போலக் கேட்டுப் பார்த்தேன்: நம்முடைய நினைவையும் அவருடைய சத்தத்தையும் எப்படிப் பிரித்து அறிவது? "அவரு பேசினா இந்தக் கேள்வி வராதும்மா" என்றார். அன்போடுதான் சொன்னார். அதற்குமேல் எனக்குப் போக வழியில்லை.

அந்த வாரக் காத்திருப்பில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. கனைப்புக் கேட்காததால் உபதேசியாரின் மனைவி ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டார். நான் கண்ணைத் திறந்தபோது எதிரே அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடியிருக்கவே இல்லை என்று தோன்றியது. மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். கடைசி வீட்டுக்காரி தலையை லேசாக ஆட்டினாள்: சொல்லிவிடு, என்ன கெட்டுப்போகிறது என்பதைப் போல.

நான் கைகளைக் கவிழ்த்தேன்.

கவிழ்த்த கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அம்மா கேட்டாள். மழைக்கு மேலாகச் சத்தம் போட்டுக் கேட்டாள். "ஒண்ணுமே சொல்லலியா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

"ஒத்த வார்த்த?"

"இல்லம்மா."

அம்மா அழவில்லை. மழை விடும்வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கடைசி வீட்டுக்காரி படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்து, "படிச்ச புள்ளைக்கு மனசுதான் இல்ல" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அம்மா கேட்டது கடவுளின் வார்த்தையை. என் வார்த்தையை அதன் இடத்தில் வைத்திருந்தால், அவள் சாகும்வரை என்னை நம்பியிருப்பாள். அதை என்னால் செய்ய முடியவில்லை. இன்றும் முடியாது.

மறுபடி ஐயர் வந்தார். அன்று கோயில் நிறைந்திருந்தது. அந்தக் காலாண்டில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் ஜரிகைத் தொப்பி போட்டுத் தூக்கிவந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராக அவர் வாயில் வந்தது. அம்மா கடைசி வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும் வாசலில் அவரை மறித்தாள்.

"ஐயரே, தண்ணி வாங்காமப் போன புள்ள ஆண்டவர்கிட்ட இருக்குமா?"

ஐயர் நல்லவர். தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் அலைகிற மனிதர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆண்டவர் இரக்கமுள்ளவர்மா" என்றார்.

"அது தெரியும் ஐயரே. புள்ள அவர்கிட்ட இருக்கா?"

"அவர் இரக்கத்துல விட்டுருவோம்மா." கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று உபதேசியார் குடையோடு வந்து நின்றார். அம்மா வழிவிட்டாள்.

அதற்கப்புறம் அம்மா காத்திருப்புக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், பாடுவாள், காணிக்கை போடுவாள். வீட்டில் யாரிடமும் கோபம் இல்லை. சில சமயம் சமைத்துக்கொண்டிருக்கும்போது கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். கோயிலில் நாங்கள் இத்தனை பயிற்சி செய்தும் வராத அசைவின்மை அது. அடுப்பு அணைந்தாலும் தெரியாது. அவள் எதையும் எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் இப்போதும் புதன்கிழமை போகிறேன். பக்தி என்று சபையில் சொல்லிக்கொள்கிறார்கள். அம்மாவின் கேள்வியை வேறு எங்கே கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கையை விரித்து உட்காருகிறேன். வாய்ப்பாடு வருகிறது, ரயில் வருகிறது, வெறுமை வருகிறது. அவர் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இருக்கிறார், கேட்டுக்கொண்டும் இருக்கிறார், பேசவில்லை என்றால், அதை நினைத்துக்கொண்டு வீடுவரை நடப்பது இன்னும் கடினம்.

அம்மா வருவதை நிறுத்திய புதிதில், நான் படியேறும் முன்பே, "ஏதாவது உண்டா?" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள். இப்போது, "பசியாறிட்டியா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். சோறு போடுகிறாள். நான் சாப்பிடுகிறேன், அவள் எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், நான் முடிக்கும்வரை இருக்கிறாள்.