வாழைக்குலையோடு வந்த திருத்தம்

கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாசித்துக்காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நாங்கள் மூன்று பேர் பராமரிக்கிறோம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யாரும் திருத்தி அனுப்பலாம்; சரியென்றால் சேர்த்துக்கொள்வோம். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வரும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நாள்தோறும் குப்பையாகக் கொட்டுகிறது. அனுப்புகிறவர்கள் அதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பதுகூட இல்லை.

அப்படி வந்த ஒன்றை நிராகரித்தேன். 'ழ' வரும் இடமெல்லாம் 'ள' என்று ஒலிக்கும்படி மாற்றியிருந்தது. 'உச்சரிப்பு மேம்பாடு' என்று தலைப்பு வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் என் வீட்டு வாசல் கேற்றைத் தட்டினார்கள். நீர்வேலியிலிருந்து ஒரு தகப்பனும் மகனும். அவர்கள் ஊரிலிருக்கும் என் மச்சாளிடம் வழி கேட்டு வந்திருந்தார்கள். தகப்பன் கையில் ஒரு கதலி வாழைக்குலை. மகன் பொறியியல் பட்டதாரி.

"தங்கச்சி, இவன்ரை திருத்தத்தை நீங்கள்தான் மறிச்சு வைச்சிருக்கிறியளாம். ஒருக்காப் பாத்துச் செய்துவிடுங்கோ. கொழும்பிலை வேலைக்குக் காட்டோணுமாம்."

பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு அதிபரைப் பிடிக்க வந்தவரின் அதே குரல். நான் மகன் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, உதிலை என்னத்தை மாத்தினீர்?"

அவன் போனை எடுத்து என் கேள்வியை அப்படியே தட்டினான். பிறகு திரையைப் பார்த்து வாசித்தான்: "இந்த மாற்றம் பயனர் அனுபவத்தை மேம்படுத்துகிறது, அன்ரி."

"அப்பா கொண்டுவந்திருக்கிறது என்ன?"

"வாழைப்பழம்."

வாய் 'ழ'வைச் சரியாகத்தான் சொன்னது.

"உம்மடை திருத்தத்தைச் சேர்த்தால் கண் தெரியாத சனத்துக்கு அது வாளைப்பளம் எண்டுதான் கேக்கும்."

"அப்பிடியோ? நான் வாசிக்கேல்லை, அன்ரி. ஏஐதான் எழுதினது."

துளி வெட்கமில்லை. தகப்பனுக்கும் இல்லை.

"சின்னப் பிழைதானே, தங்கச்சி. இப்ப சேருங்கோ, பிறகு பாப்பம்."

கேற்றைத் திறந்துவிட்டேன். குலையையும் காவிக்கொண்டு போகச் சொன்னேன்.

"படிச்ச திமிர்" என்று தகப்பன் ஒழுங்கையில் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே, குப்பை தாங்காமல், வெளியார் திருத்தங்களை ஏற்பதை நிறுத்தினோம். அதில்தான் எனக்கு ஆத்திரம். மட்டக்களப்பில் ஒருவர், தானும் பார்வையற்றவர், பிழையாக ஒலிக்கும் சொற்களைக் காதால் கேட்டுக் கேட்டுத் திருத்தி அனுப்புவார். இந்தக் கூட்டத்தால் அவருக்கும் கதவு சாத்தப்பட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதி, அவரை எங்களோடு நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டோம்.

நீர்வேலிப் பொறியியலாளருக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டதாம். மச்சாள் சந்தோசமாகச் சொன்னாள். அவனை வேலைக்கு எடுத்தவர்களை நினைத்துச் சிரித்தேன்.